நான் சவரிராஜ் பேசுறேன்

நெய்வேலியில் பிளாக் என்றால் குடியிருக்கும் பகுதி. யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வியே எந்த பிளாக் என்பதுதான். அதனால் பாண்டிச்சேரியில் இதய டாக்டர் நெஞ்சைப் படம் எடுத்துக் காட்டி, உங்க வீட்டுக்காரருக்கு மூணு பிளாக் இருக்கும்மா என்று சொன்னபோது லூர்துமேரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. கட்டிலில் கிடந்த சவரிராஜுக்கு அந்த நிலையிலும் குறும்பு அடங்கவில்லை. "எங்களுக்குப் பதினாறாம் பிளாக்குல ஒரே ஒரு குவார்ட்டர்ஸ்தான் சார் குடுத்திருக்காங்க. மூணு எப்படி வந்துச்சு?" என்றார். டாக்டர் சிரித்துவிட்டார். லூர்துமேரியால் சிரிக்க முடியவில்லை. புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு வராந்தாவுக்குப் போய் அழுதாள்.

அது இரண்டாயிரத்துப் பதினைந்து. சவரிராஜுக்கு ஐம்பத்து நாலு வயது. சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டில் வேலை, பர்மனென்ட். ஆள் ஒல்லி; குரல் மட்டும் ஆளைவிடப் பெரிது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வாசகம் வாசிக்க அவர் எழுந்து நின்றால் மைக் தேவையில்லை. பெண் பார்க்க மேல்பட்டாம்பாக்கத்துக்கு வந்த அன்று லூர்துமேரி வெட்கத்தில் அவர் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. அடுப்படியில் இருந்தபடி குரலைத்தான் கேட்டாள். இந்தக் குரலுக்குப் பொய் சொல்ல வராது என்று தோன்றியது. சரி என்று அவள் தலையாட்டியது அந்தக் குரலுக்குத்தான். முப்பது வருஷமாக அந்த எண்ணம் மாறவும் இல்லை.

சுரங்கத்தில் அவருக்குச் சோறு போட்டதும் அந்தக் குரல்தான் என்று சொல்லலாம். பெல்ட் மைல் கணக்கில் ஓடும். ஓரிடத்தில் நடப்பது இன்னோரிடத்தில் இருப்பவன் கண்ணுக்குத் தெரியாது. பாயின்ட் என்று சொல்லும் இடங்களில் ஆங்காங்கே ஆட்கள் கையில் வாக்கிடாக்கியோடு நிற்பார்கள். அங்கே மூன்று விதிகள். வந்த சேதியை அந்த நொடியே அடுத்த ஆளுக்குக் கடத்த வேண்டும். யோசித்துக்கொண்டு நின்றால் உயிர் போய்விடும். கடத்தும்போது பெயரையும் இடத்தையும் சொல்ல வேண்டும்; பெயர் இல்லாமல் வரும் குரலை நம்பி யாரும் சுவிட்சில் கை வைக்கக் கூடாது. கேட்டவன், கேட்டதை வரி பிசகாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். "நான் சவரிராஜ் பேசுறேன், மூணாவது பாயின்ட்டுல இருந்து" என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பாரோ, அந்த மாதாவுக்குத்தான் தெரியும்.

ஒருமுறை பக்கத்து ஊரான வடக்குத்தைச் சேர்ந்த பன்னீர்செல்வத்தின் சட்டைக்கை ரோலரில் மாட்டிக்கொண்டது. அவன் கான்ட்ராக்ட் தொழிலாளி, வேலைக்குப் புதுசு. யாரோ கத்தியதைக் கேட்டு சவரிராஜ் சேதியைக் கடத்த, பெல்ட் நின்றது. மணிக்கட்டில் ஒரு நீளத் தழும்போடு பன்னீர் தப்பினான். அன்றிலிருந்து பன்னீருக்கு சவரிராஜ் கூடப்பிறந்த அண்ணன் மாதிரி. சவரிராஜுக்கோ, வந்த சேதியைக் கடத்தினால் ஓர் உயிர் பிழைக்கும் என்பது வேதவாக்கு.

வீட்டிலும் அதே கதைதான். மகள் நான்சியைக் கடைக்கு அனுப்பினால், "சொன்னதைத் திருப்பிச் சொல்லு" என்பார். அவள் அரைக் கிலோ உளுந்து, கால் கிலோ வெல்லம் என்று திருப்பிச் சொன்ன பிறகுதான் வாசற்படி இறங்க விடுவார். இந்த மனுஷனோடு வாழ்வதும் சுரங்கத்தில் வேலை பார்ப்பதும் ஒன்றுதான் என்று லூர்துமேரி அக்கம்பக்கத்தில் கிண்டலடிப்பாள். ஆனால் சந்தைக்குப் புறப்படும்போது அவளும் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் போவாள்.

பாண்டிச்சேரியில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை, கொழுப்புக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று. இனி டவுன்ஷிப் ஆஸ்பத்திரியிலேயே வாங்கிக்கொள்ளலாம், ஒரு வேளைகூடத் தவறக் கூடாது என்றார்கள். லூர்துமேரி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டாள். வடைச்சட்டியைப் பரணில் ஏற்றினாள். ஆட்டுக்கறி வீட்டுக்குள் வருவது நின்றது. எந்த ஷிப்ட் என்றாலும் மாத்திரையைக் கையில் கொடுத்து, தண்ணீர் கொடுத்து, விழுங்கி முடிக்கும்வரை எதிரில் நின்றாள். அவளுக்கு வேறு ஆசை எதுவும் இல்லை. மனுஷன் உயிரோடு இருக்க வேண்டும். ரிட்டயர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, இரண்டு பேரும் எங்கேயாவது ஒரு சின்ன வீட்டில் காபி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் மாதாவிடம் கேட்டது.

கொஞ்ச நாளில் சவரிராஜுக்குக் கால் வலிக்க ஆரம்பித்தது. தொடையும் கெண்டைக்காலும் அடித்துப்போட்ட மாதிரி இருக்கிறது என்பார். இதைப் போய் டாக்டரிடம் சொல்ல வேண்டாமா? வயசாகிறது, வலிக்காமல் என்ன செய்யும் என்று அவரே தீர்ப்பும் சொல்லிக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்த நான்சி, அப்பா முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும் என்று டச் போன் ஒன்று வாங்கிக்கொடுத்தாள். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. பதினாறாம் பிளாக் நண்பர்கள் என்று ஒரு வாட்ஸ்அப் குழு. காலை வணக்கம், ரோஜாப்பூ, காணாமல் போன குழந்தை, அவசரமாக ரத்தம் தேவை; எது வந்தாலும் அந்த நொடியே அடுத்த ஆளுக்குத் தள்ளிவிடுவார். காணாமல் போன அந்தக் குழந்தைக்கு இந்நேரம் மீசை முளைத்திருக்கும், இன்னும் தேடுகிறீர்களே என்று லூர்துமேரி கேட்டால், "உனக்குத் தெரியாது லூர்து, ஒரு சேதி ஒரு உசுரு" என்பார்.

ஒரு நாள் அதில் ஒரு குரல் வந்தது. கனிவான குரல், நல்ல தமிழ். அன்புச் சகோதர சகோதரிகளே என்று கோயில் பிரசங்கம் மாதிரியே தொடங்கியது. கொழுப்பு மாத்திரை என்பது கம்பெனிக்காரர்கள் செய்யும் மோசடியாம். நம் முன்னோர்கள் தேங்காய் எண்ணெயில் சமைத்த காலத்தில் யாருக்கும் மாரடைப்பே வந்ததில்லையாம். காலையில் வெறும் வயிற்றில் இரண்டு கரண்டி தேங்காய் எண்ணெய் குடித்தால் எப்பேர்ப்பட்ட அடைப்பும் கரைந்துபோகுமாம். கடைசியில், இதைப் பத்துப் பேருக்கு அனுப்பி ஓர் உயிரையாவது காப்பாற்றுங்கள் என்று முடிந்தது. யார் பேசுகிறான், எங்கிருந்து பேசுகிறான், ஒரு வார்த்தை இல்லை.

கடலூர்ப் பக்கம் எந்த முன்னோர் தேங்காய் எண்ணெயில் சமைத்தார்கள்? கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும்தானே நம் அடுப்படியில்! தலைக்குத் தேய்க்கிற எண்ணெயை யாராவது குடிப்பார்களா என்று லூர்துமேரியும் கேட்டாள். சுரங்கத்தில் பெயர் சொல்லாத குரலுக்கு ஒரு சுவிட்சைக்கூடத் தொடாத மனுஷன், கைக்குள் இருந்த போனில் வந்த பெயரில்லாத குரலுக்குத் தன் நெஞ்சையே கொடுத்தார். அந்த இரண்டாவது விதி அவருக்கு ஏன் நினைவுக்கு வரவில்லை? 

மறுநாளே பன்னீர்செல்வம் வந்தான். அவனுக்கும் அதே சேதி வந்திருந்தது. வடக்குத்தில் அவன் கிணற்று மேட்டில் ஐந்தாறு தென்னைகள். ஏற்கெனவே உலர்த்தி வைத்திருந்த காயைச் செக்கில் ஆட்டி, ஒரு பாட்டில் நிறையக் கொண்டுவந்து வைத்தான். "ஷூட்டுல களிமண்ணு அடைச்சிகினா தண்ணிய பீச்சி அடிச்சி உடுறோமில்லண்ணே, அந்த மாதிரிதான் இதுவும். வழுக்கிகினு போயிடும்" என்றான். பெல்ட்டிலிருந்து மண் கொட்டும் ஷூட் அடைத்துக்கொள்வதைப் பார்த்துப் பார்த்துப் பழகிய இரண்டு பேருக்கும் அது எவ்வளவு நியாயமாகப் பட்டது! நெஞ்சையும் அவர்கள் ஒரு ஷூட் என்றே நினைத்துவிட்டார்கள்.

லூர்துமேரி விடவில்லை. சண்டை போட்டாள், சாப்பிடாமல் கிடந்தாள். மார்கழியில் பாட்டிலோடு உறைந்துபோகிற எண்ணெய் உள்ளே போய் எதைக் கரைக்கும் என்று கேட்டாள். உடம்புச் சூட்டில் அது உருகிவிடும் என்று அவரிடம் பதில் இருந்தது. முதலில் கொழுப்பு மாத்திரையை மட்டும் விட்டார். கொஞ்ச நாளில் கால்வலி போய்விட்டது. அதுதான் வினையாகப் போயிற்று. பார்த்தாயா, பார்த்தாயா என்று மாடிப்படியை இரண்டு தடவை ஏறி இறங்கிக் காட்டினார். பிறகு மற்ற மாத்திரைகளும் நின்றன.

ஒரு காலையில் அவள் அடுப்படியில் இருந்தாள். கூடத்தில் அவர் போனை வாயருகில் பிடித்துக்கொண்டு, வாக்கிடாக்கியில் பேசுவது போலவே குழுவுக்கு ஒரு குரல் சேதி பேசினார். "நான் சவரிராஜ் பேசுறேன், நெய்வேலி பதினாறாம் பிளாக்குல இருந்து. நான் நல்லா இருக்கேன். எனக்கு மூணு அடைப்பு இருந்துச்சு. மாத்திரையெல்லாம் விட்டாச்சு. காலையில ரெண்டு கரண்டி தேங்காண்ணெய், அவ்வளவுதான். கால்வலி போச்சு, மாடிப்படி ஏறுறேன். இதைக் கேக்குறவங்க நாலு பேருக்குச் சொல்லுங்க." விதி தவறவில்லை, பெயரும் இடமும் சொன்னார். பேசி முடிக்கும் நேரத்தில் உள்ளேயிருந்து அவள், "ஏங்க, காபி ஆறிப்போவுது" என்று கூப்பிட்டாள்.

அந்தக் குரலைக் கேட்ட பிறகு அவளுக்கும் பிடி தளர்ந்தது. இவ்வளவு தெம்பாகப் பேசுகிற மனுஷனுக்கு என்ன குறை வந்துவிடப் போகிறது? அந்தக் குரலுக்குப் பொய் சொல்ல வராதே. மறுநாளிலிருந்து எண்ணெயை அவளே ஊற்றிக் கொடுத்தாள். வேளாங்கண்ணியிலிருந்து கொண்டுவந்த மந்திரித்த எண்ணெயில் ஒரு சொட்டும் விட்டு, கரண்டியின் மேல் சிலுவை போட்டு, அவர் வாயருகில் நீட்டினாள். முன்பு மாத்திரைக்கு எப்படி எதிரில் நின்றாளோ அப்படியே நின்றாள்.

ஒரு வருஷத்துக்கு மேல் நன்றாகத்தான் போயிற்று. அந்த வருஷம் மார்கழியில் எண்ணெய் பாட்டிலுக்குள் வெள்ளையாக உறைந்துவிட்டது. அவள் காலையில் எழுந்ததும் பாட்டிலை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து உருக்குவாள். அப்படி ஒரு நாள் எண்ணெயைக் குடித்துவிட்டு முதல் ஷிப்டுக்குப் போனவர், மதியம் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். ஒரு ஷூதான் கழன்றது. அடுத்ததற்குக் குனிந்தவர் நிமிரவில்லை. சட்டைப்பையிலிருந்து போன் விழுந்து கண்ணாடி தெறித்தது.  பக்கத்து வீட்டார் ஓடிவந்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

மாத்திரையை எப்போது நிறுத்தினார் என்று டாக்டரம்மா கேட்டாள். லூர்துமேரி எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டரம்மா திட்டவில்லை, திட்டியிருந்தால்கூடத் தேவலை. "தேங்காண்ணெய் ஒண்ணும் விஷம் இல்லம்மா. ஆனா அது மருந்தும் இல்ல. கெட்ட கொழுப்பை அது ஏத்தும், எறக்காது. கொழுப்பு மாத்திரையால சிலருக்குக் கால்வலி வரும்மா. வலிக்குதுன்னு வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வேற மாத்திரை மாத்திக் குடுத்திருப்பேனே" என்றாள். அந்தக் கடைசி வார்த்தை லூர்துமேரியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ஒரு வார்த்தை. இத்தனை சேதி கடத்தின மனுஷன், சொல்ல வேண்டிய அந்த ஒரு சேதியை எங்கேயும் சொல்லவில்லை.

பன்னீர்செல்வம் கல்லறைத் தோட்டத்துக்கு வந்தான். கிட்டே வரவில்லை. தழும்பு விழுந்த கையால் வாயைப் பொத்திக்கொண்டு கடைசி ஆளாக நின்றான். லூர்துமேரி அவனைக் கூப்பிட்டு, நீ என்ன செய்வாய், ஊற்றிக் கொடுத்தது நான்தானே என்றாள். 

குவார்ட்டர்ஸைக் காலி செய்து, மந்தாரக்குப்பத்தில் ஒரு சின்ன வாடகை வீட்டுக்கு வந்தாள். அவள் ஆசைப்பட்ட அதே அளவு வீடு. காபி குடிக்க ஆள் ஒன்று குறைவு. உடைந்த போன் உயிர் பெறவில்லை. நான்சி தனது பழைய டச் போனை அம்மாவுக்குக் கொடுத்தாள். அதில் அவர் படங்கள் இருந்தன, நான்சியின் கல்யாணத்தில் எடுத்தவை, மௌனமாகச் சிரிப்பவை. குரல் இல்லை. ஒரு வருஷம் போனபின் ஒரு காலையில், அந்தக் குரல் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தாள். சட்டென்று பிடிபடவில்லை. அன்றைக்கு அவள் அழுத அழுகையை அவர் செத்த அன்றுகூட அழவில்லை.

அதற்குப் பிறகு தன் பிரஷருக்கு மாத்திரை வாங்க டவுன்ஷிப் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தபோதுதான் அது நடந்தது. வரிசையாகப் போட்ட நாற்காலிகளில் அவளுக்குப் பக்கத்தில் ஒரு பெண், நாற்பது வயது இருக்கும். பெயர் பெரியநாயகி, வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பேச்சினிடையே போனை எடுத்து எதையோ தட்டினாள்.

"நான் சவரிராஜ் பேசுறேன், நெய்வேலி பதினாறாம் பிளாக்குல இருந்து. நான் நல்லா இருக்கேன்."

லூர்துமேரி சட்டென்று அந்தப் போனின் பக்கம் திரும்பினாள். முதலில் வந்தது துக்கம் இல்லை, மகிழ்ச்சி. ஆமாம், மகிழ்ச்சிதான். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதுபோல இருந்தது. "இன்னொரு தடவ போடும்மா" என்று கெஞ்சினாள். பெரியநாயகி போட்டாள். மறுபடி கேட்டாள், மறுபடி போட்டாள். உங்கள் வீட்டிலும் நெஞ்சுவலியா, அனுப்பட்டுமா என்று பெரியநாயகி அன்பாக விசாரித்தாள். லூர்துமேரி யோசிக்காமல் நம்பரைச் சொன்னாள். டிங் என்று அவள் மடியில் வந்து விழுந்தது குரல்.

அப்புறம்தான் அவளுக்குச் சுரீர் என்றது. மாத்திரையை நிறுத்திவிட்டாரா என்று கேட்டாள். நேற்றிலிருந்து நிறுத்தியாயிற்று, எண்ணெய் ஆரம்பித்தாயிற்று என்றாள் பெரியநாயகி. யாரோ எவரோ சொன்னால் நம்பமாட்டோம், இந்த மனுஷர் பேர் சொல்லி, பிளாக் சொல்லி, தைரியமாகப் பேசுகிறாரே, அதனால்தான் நம்பினோம் என்றும் சொன்னாள்.

"அவரு என் வீட்டுக்காரரும்மா. அவரு இப்ப இல்ல. இதைக் குடிச்சுக்கிட்டு மாத்திரைய விட்டாரு. போயிட்டாரு."

பெரியநாயகி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "அவுரே நல்லா கீறேன்னு சொல்லிகினு கீறாரு. நீங்க இன்னாக்கா இல்லன்றீங்க? வேற யாராவதா இருக்கும்" என்றாள்.

உயிரோடு எதிரில் உட்கார்ந்திருப்பவளின் பேச்சு, செத்துப்போனவரின் பேச்சுக்கு முன்னால் எடுபடவில்லை. லூர்துமேரி அந்தப் போனைக் காட்டினாள். "கடைசி வரைக்கும் போடும்மா. முடியுற எடத்துல ஒரு பொம்பள குரல் கேக்கும். ஏங்க, காபி ஆறிப்போவுதுன்னு" என்றாள்.

பெரியநாயகி போட்டாள். இரண்டு தலைகளும் போன்மேல் குனிந்தன. நாலு பேருக்குச் சொல்லுங்க என்று அவர் முடித்ததும், தூரத்தில், அடுப்படிக்குள்ளிருந்து, சின்னதாக அந்தக் குரல் வந்தது. எதுவும் அறியாத, சந்தோஷமான குரல். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் குரலேதான். பெரியநாயகியின் முகம் வெளுத்தது. போனைப் பிடித்திருந்த கை கீழே இறங்கியது.

லூர்துமேரி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாத்திரைய நிறுத்தக் கூடாது. வலி கிலி எதுவா இருந்தாலும் டாக்டர்கிட்டதான் சொல்லணும். எங்க, திருப்பிச் சொல்லு."

"மாத்திரைய நிறுத்தக் கூடாது" என்று பெரியநாயகி அழுதுகொண்டே சொன்னாள். "எதுவா இருந்தாலும் டாக்டராண்டதான் சொல்லணும்."

அன்றிரவே லூர்துமேரி தானும் ஒன்று பேசி, நான்சியைக் கேட்டுக் கேட்டு எல்லாருக்கும் அனுப்பினாள். "நான் லூர்துமேரி பேசுறேன், சவரிராஜ் சம்சாரம். அவரு இல்ல" என்று தொடங்கும் அது. கேட்டவர்கள் கைகூப்பும் படம் போட்டார்கள். அதைக் கடத்தியவர்கள் குறைவு. துக்கச் சேதியை யார் அடுத்தவருக்குத் தள்ளுவார்கள்? அவருடையது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. திருச்சியிலிருந்து வந்தது, பெங்களூரிலிருந்து ஒருமுறை வந்தது. அதை நிறுத்தும் சுவிட்ச் எந்த பாயின்ட்டில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பெரியநாயகி அனுப்பியது அவள் போனில் இருக்கிறது. அழித்துவிடும்மா என்று நான்சி சொல்லிப் பார்த்தாள். எப்படி அழிப்பாள்? காலையில் காபியைக் கலந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைப் போடுவாள். நான் சவரிராஜ் பேசுறேன், நெய்வேலி பதினாறாம் பிளாக்குல இருந்து என்பதுவரை கேட்பாள். அந்த இடத்தில் விரலை வைத்து நிறுத்திவிடுவாள். அதற்கு அடுத்த வரியை அவளால் கேட்க முடியாது.

சில நாள் விரல் தாமதித்துவிடும். நான் நல்லா இருக்கேன் என்று சொல்லிவிடுவார்.